அந்த ஐந்து சுரங்கள் எங்கே?

குழுவின் இப்போதைய நால்வருக்கும், குழுவின் பெயரில் முடிவெடுக்கும் நிர்வாகத்தாருக்கும்,

உங்கள் முதல் ஆல்பத்தின் நான்காவது பாட்டில், இரண்டாவது சரணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், டிரம்ஸ் நின்றுவிடும். பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஐந்து சுரம் மேலே ஏறும். நான்காவது சுரத்துக்குப் போகும்போது விரல் கம்பியின்மேல் வழுக்கி 'கீச்' என்று ஒரு சத்தம் எழும். ஐந்தாவது சுரம் இமைப்பொழுது தாமதித்துத்தான் விழும். அந்தத் தாமதத்துக்குள் பாடகி மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த இடத்தைக் கேட்ட வாரத்தில்தான் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினேன். இன்றைக்கும் நான் பெரிய வாசிப்பாளன் இல்லை. ஆனால் அந்த ஐந்து சுரங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன், கீச்சொலி உட்பட.

சென்ற மாதம் என் மகள் அதே கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயது. பேஸ் கிட்டார் என்ன செய்யும் என்று காட்டுவதற்கு உங்கள் பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டேன். "கண்ணை மூடிக்கொள், இதோ வரும்" என்றேன்.

வரவில்லை. டிரம்ஸ் நிற்கவே இல்லை. ஐந்து சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சிந்தசைசர் ஒன்று 'ஊம்' என்று இழுத்துக்கொண்டு போனது. "அப்பா, நீங்கள் சொன்ன இடம் வரவே இல்லையே" என்றாள். வேறு ஏதோ பாட்டைப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி தேடிப் போட்டேன். அதே பாட்டுதான். அதே அட்டைப்படம், அதே தலைப்பு, பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அதே வெளியீட்டு ஆண்டு. உள்ளே இருந்த குரல் மட்டும் வேறு ஒருவருடையது.

அன்று இரவு பழைய குறுந்தகட்டைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். குறுந்தகட்டில் பாட்டு மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. இப்போது இருப்பது மூன்று நிமிடம் நாற்பத்தொன்று. முதல் மூன்று ஆல்பங்களிலும் இதே கதை. பழைய பதிவுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பாடி வாசித்தவற்றை அதே இடத்தில் வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'ரீமாஸ்டர்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று ஆல்பங்களை ஒரு சொல்லில் மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதனால்தான் இந்த மடல்.

உங்கள் குழுவின் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. உங்களுக்கு எழுதியது என்று உங்களுக்குத் தெரியும். ரசிகர்களுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கும். பெயரைப் போட்டால் புதிய பாடகியைத் திட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தோடு எனக்கு எந்த உறவும் இல்லை. அவரைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்கள் மாறியதும் இசை மாறியதும் என் குறை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் 'பழசைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ரசிகன்' என்று ஒரு வரியில் என்னைத் தள்ளிவிடுவீர்கள். நான் மிகவும் விரும்பிக் கேட்கும் குழுக்களில் பாதி, ஆள் மாறி ஒலி மாறிய குழுக்கள்தான். ஃப்ளீட்வுட் மேக் 1967 இல் லண்டனில் ஒரு புளூஸ் குழுவாகத் தொடங்கியது. அதைத் தொடங்கிய கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் 1970 இல் விலகினார். பிறகு அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 1975 பிறக்கும் நேரத்தில் லிண்ட்சி பக்கிங்காமும் ஸ்டீவி நிக்ஸும் சேர்ந்தபோது அது அடையாளம் தெரியாத வேறொரு பாப் குழுவாகிவிட்டது. 1977 இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் உலகில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களின் வரிசையில் நிற்கிறது. அந்த மாற்றத்தை யார் குறை சொல்வார்கள்? இத்தனைக்கும் நடுவே அசையாமல் இருந்த இருவர், டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் வாசித்த ஜான் மெக்வீயும். குழுவின் பெயரே அந்த இருவரின் பெயர்களிலிருந்து பிறந்ததுதான். (பேஸ் வாசிப்பவரின் பெயரைக் குழுவுக்கு வைத்த அந்தப் பெருந்தன்மையை நினைத்து நான் அவ்வப்போது மகிழ்வதுண்டு. உங்கள் குழுவில் பேஸ் வாசித்தவரின் பெயர் இப்போது பாட்டின் விவரப் பட்டியலில்கூட இல்லை.)

அதே குழுவின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1974 இல் அதன் மேலாளர், பெயர் தனக்குச் சொந்தம் என்று சொல்லி, முற்றிலும் வேறு ஆட்களைத் திரட்டி அந்தப் பெயரிலேயே அமெரிக்காவில் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பினார். மேடையில் ஏறியவர்களைப் பார்த்த ரசிகர்கள் ஏமாந்தார்கள், உண்மையான குழு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஆள் மாறியதில் குழு வளர்ந்ததும், ஆள் மாறியதை மறைத்ததில் குழு சீரழிந்ததும் ஒரே பெயருக்குள் அடுத்தடுத்த ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. நீங்கள் முதலாவதைச் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். எனக்குத் தெரிவது இரண்டாவது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மறந்திருப்பீர்கள் என்பதால் அல்ல, எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதால்.

மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு டிரம்மர் விலகினார். அறிவிப்பு எதுவும் இல்லை. உங்கள் முகப்புப் படத்தில் ஐந்து முகங்கள் இருந்தன. ஒருநாள் காலையில் நான்கு இருந்தன. புதுப் படம் எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதே படத்தில் அவர் நின்ற இடத்தைச் சுவர் நிறத்தால் நிரப்பியிருந்தீர்கள். பக்கத்தில் நின்ற கீபோர்டு கலைஞரின் தோளில் மட்டும் யாருடையது என்று தெரியாமல் நான்கு விரல்கள் மிஞ்சியிருந்தன. இரண்டு நாள் கழித்து அந்த விரல்களும் போயின. நாங்கள் அந்த இரண்டு படங்களையும் வைத்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டு பேஸ் வாசித்தவர். அவர் போனதோடு கீழ்க்குரலும் போயிற்று. மூன்று குரல்கள் அடுக்கடுக்காகப் பாடும் பல்லவிதான் உங்கள் அடையாளமாக இருந்தது, அந்த அடுக்கின் அடித்தளம் அவர். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. கீபோர்டின் இடது கை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று முடிவு செய்தீர்கள் போலிருக்கிறது. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்னால் பாடகி. அதற்கு மட்டும் ஒரு வரி கிடைத்தது: 'பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம், இசை தொடர்ந்து வளரும்.'

விலகல் எந்தக் குழுவிலும் நடக்கும். அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1975 இல் ஜெனிசிஸ் என்ற ராக் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் அதிலிருந்து விலகியபோது, தான் ஏன் விலகுகிறேன் என்று பத்திரிகைகளுக்கு ஒரு கடிதமே எழுதினார். மற்றவர்கள் பல பாடகர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தங்கள் டிரம்மர் ஃபில் காலின்ஸையே பாடவைத்து 1976 இல் அடுத்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு கிட்டார் கலைஞரும் போனதும், மூன்று பேர்தான் மிஞ்சினோம் என்பதை 1978 ஆல்பத்தின் தலைப்பாகவே வைத்துவிட்டார்கள். அட்டையைப் பார்த்தாலே நிலைமை தெரியும். ஜப்பானில் 1997 இல் தொடங்கிய மார்னிங் முசுமே குழுவில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் ஏற்பாடு. விலகுபவருக்கு மேடையில் விழா எடுத்து விடைகொடுக்கிறார்கள். 2014 முதல் குழுவின் பெயரோடு அந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துவிடுகிறார்கள். எந்த ஆண்டுக் குழுவைக் கேட்கிறோம் என்பதில் குழப்பமே இல்லை. ஜாய் டிவிஷன் குழுவினர் தங்களில் ஒருவர் இல்லாமற்போனாலும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதில்லை என்று பேசிவைத்திருந்தார்கள். 1980 இல் பாடகர் இறந்ததும் சொன்னபடியே பெயரை விட்டுவிட்டு நியூ ஆர்டர் என்று புதிதாகத் தொடங்கினார்கள். அந்தப் புதிய பெயரில் அவர்கள் நடனத்துக்கான மின்னணு இசைக்குப் போனபோது, பழைய குழு கெட்டுவிட்டது என்று சொல்ல எவருக்கும் வாய்ப்பில்லை.

உங்களைப் பெயரை மாற்றச் சொல்லவில்லை. அது உங்கள் பிழைப்பு. ஆனால் போனவர்களின் விரல்களைக்கூடப் படத்திலிருந்து அழிக்கும் கைதான் இப்போது அவர்களின் இசையையும் அழித்திருக்கிறது. இதை எப்படிச் சும்மா விடுவது?

ஒலியைப் பற்றி. நான்காவது ஆல்பத்திலிருந்து டிரம்ஸ் முழுக்க ரிதம் மெஷின், அதாவது தாளத்தைத் தானாக வாசிக்கும் இயந்திரம். அதில் எனக்கு வழக்கில்லை. 1997 இல் டிரம்மர் பில் பெர்ரி விலகிய பிறகு ஆர்.ஈ.எம். குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆல்பத்திலும் ரிதம் மெஷின்கள் உண்டு. காலியான இடத்தைக் காலியாகவே காட்டிய ஆல்பம் அது, அதனாலேயே கேட்கத் தகுந்தது. உங்கள் புதிய ஆல்பத்தில் உறுத்துவது வேறு. ஒவ்வொரு தட்டும் மென்பொருளின் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சொல்லின் சுருதியும் திருத்தி நிமிர்த்தப்பட்டிருக்கிறது. பழைய டிரம்மர் இரண்டாவது தட்டை எப்போதும் மயிரிழை பிந்தித் தட்டுவார். சோம்பேறி நடை என்று ஆரம்பத்தில் கேலி செய்தார்கள். அந்தச் சோம்பலில்தான் பாட்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இப்போது பாட்டுகள் எல்லாம் தேர்வு எழுதும் பிள்ளைகளைப் போல விறைப்பாக உட்கார்ந்திருக்கின்றன. இது என் ரசனை, நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. புதிய ஆல்பம் புதிய ஆல்பமாக இருக்கட்டும். பிடித்தவர் கேட்பார், பிடிக்காதவர் எழுந்துபோவார். பழைய ஆல்பத்துக்குள் புகுந்து அந்தச் சாய்வை நிமிர்த்துவதற்கு மட்டும் யார் உங்களுக்கு அனுமதி தந்தார்கள்? பதினொரு வினாடி குறைந்தது எங்கிருந்து என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஐந்து சுரங்கள் நின்று ஏறும் அந்த இடம், கடைசியில் கிட்டார் மெதுவாகத் தேயும் இடம், நடுவே பாடகி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சொல்லை விட்டுவிடும் இடம். ஆள் இருந்ததற்கான தடயங்கள் எவையோ அவைதான் போயிருக்கின்றன.

'ரீமாஸ்டர்' என்றால் என்ன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏற்கெனவே பதிவான அதே பாட்டை, அதே வாசிப்பை, அதே குரலை எடுத்து அதன் ஒலி அளவையும் தெளிவையும் சீர்செய்வது அது. புதிதாகப் பாடினால், புதிதாக வாசித்தால், அதற்குப் பெயர் மறுபதிவு. பழைய ஓவியத்தின் தூசியைத் துடைப்பதற்கும், அதே சட்டத்துக்குள் வேறு ஓவியத்தை மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

மறுபதிவு செய்ய உங்களுக்குக் காரணம் இருக்கலாம். பதிவின் உரிமை நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டிருந்தால், மீண்டும் பாடிப் பதிவுசெய்வதுதான் கலைஞருக்கு இருக்கும் வழி. டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் அதைத்தான் செய்தார். ஆனால் ஒவ்வொன்றின் தலைப்பிலும் இது 'டெய்லரின் வடிவம்' என்று எழுதியே வெளியிட்டார். பழையதும் இருந்தது, புதியதும் இருந்தது, எதைக் கேட்பது என்பதைக் கேட்பவர் தேர்ந்தெடுத்தார். மறைத்துச் செய்தவர்களின் கதையும் நமக்குத் தெரியும். ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 1980, 1981 இல் வந்தவை. 2002 இல் அவற்றை மறுவெளியீடு செய்தபோது பழைய பேஸையும் டிரம்ஸையும் எடுத்துவிட்டு வேறு இருவரை வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2011 இல் மீண்டும் வெளியிட்டபோது பழைய வாசிப்புதான் திரும்பி வந்தது. ஒன்பது ஆண்டுகள் ஆயின. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, என் மகள் அதற்குள் வளர்ந்துவிடுவாள்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சுகாபேப்ஸ். 1998 இல் மூன்று பெண்கள் தொடங்கிய குழு. 2001 இல் ஒருவர், 2005 இல் ஒருவர், 2009 இல் கடைசியாக இருந்தவரும் வெளியேற, தொடங்கியவர்களில் ஒருவர்கூட இல்லாமல் அந்தப் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. 2005 இல் வெளிவந்த ஆல்பத்தையே மறு ஆண்டு புதிதாகச் சேர்ந்தவரைச் சில பாட்டுகளில் பாடவைத்து மறுபடி கொண்டுவந்தார்கள். முடிவில் நடந்தது என்ன? 2019 இல் அந்தப் பெயர் முதலில் தொடங்கிய மூவரிடமே திரும்பிச் சேர்ந்தது. ரசிகர்கள் பெயரைப் பார்த்து வருவார்கள், குரலுக்காகத்தான் தங்குவார்கள் என்பதை அந்த நிர்வாகம் கற்றுக்கொள்ள எத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன பாருங்கள்.

மேடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

பாடகி விலகிய இரண்டு மாதத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்தினீர்கள். டிக்கெட் வாங்கியபோது சுவரொட்டியில் அவர் முகம்தான் நடுவில் இருந்தது. விலகல் அறிவிப்பு வந்த பிறகும் அந்தச் சுவரொட்டியை மாற்றவில்லை. பணம் திரும்ப வேண்டுமா என்று எவரிடமும் கேட்கவில்லை. சரி, இசைக்காகப் போவோம் என்று போனேன். இடப்பக்கம், மூன்றாவது வரிசை.

பேஸ் வாசிக்கிறவனுக்கு ஒரு நோய் உண்டு: மேடையில் எந்தப் பாட்டைக் கேட்டாலும் விரல் தொடைமேல் தானாக ஓடும். முதல் பாட்டிலேயே விரல் தடுமாறியது. ஒரு கட்டை இறக்கியிருந்தீர்கள். புதியவரின் குரல் தாழ்ந்த குரல், இறக்கியது முற்றிலும் நியாயம். இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு, எல்லாம் ஒரு கட்டை கீழே. விரல்களும் பழகிக்கொண்டன. எட்டாவதாக அந்த நான்காம் பாட்டு வந்தது. அது மட்டும் பழைய சுருதியிலேயே தொடங்கியது. மற்ற எல்லாவற்றையும் இறக்கியவர்கள், இருப்பதிலேயே உயரமாக ஏறும் பாட்டை ஏன் இறக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் பல்லவியில் அவர் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, உச்ச சுரம் ஒலிபெருக்கியில் முழுசாகக் கேட்டது. கேட்டது பழைய பாடகியின் குரல். முடிவில் வரும் அந்தச் சின்ன நடுக்கம் உட்பட, குறுந்தகட்டில் உள்ள அதே குரல். புதியவர் சட்டென்று மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தார். அவர் முகத்தை மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். அவமானப்பட்ட முகம் அது.

1990 இல் மில்லி வனில்லி என்ற பாப் குழுவின் இருவருக்கும் கொடுத்த கிராமி விருதை அதே ஆண்டிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், ஆல்பத்தில் பாடியது அவர்கள் இல்லை என்பதால். உங்கள் மேடையில் நடந்ததில் விசித்திரம் இன்னும் அதிகம். விலக்கிய பாடகியின் குரலை மேடையில் ஒளித்து வைத்துக்கொள்கிறீர்கள், அவர் பாடிய ஆல்பத்திலிருந்து அதே குரலைத் துடைத்து எடுக்கிறீர்கள். வேண்டிய இடத்தில் பெயரில்லாமல் பயன்படுகிறது, அவருக்கே உரிய இடத்தில் இல்லை. இதற்கு விளக்கம் உங்களிடம் இருந்தால் உண்மையிலேயே கேட்க விரும்புகிறேன்.

புதிய பாடகிக்கு நேரடியாகவே இரண்டு வார்த்தை. அம்மா, உங்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. புதிய ஆல்பத்தின் ஏழாவது பாட்டை மட்டும் முப்பது தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். அதில் நீங்கள் மந்தர ஸ்தாயியிலேயே, தாழ்ந்த சுரங்களிலேயே நின்று, ஏறாமல், அவசரப்படாமல் பாடியிருக்கிறீர்கள். அந்த ஒரு பாட்டில் மட்டும் இந்தக் குழுவுக்கு எதிர்காலம் இருப்பதாகத் தோன்றுகிறது. மற்ற ஒன்பது பாட்டுகளில் உங்களை இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தோள் பொருந்தவில்லை என்றால் அது உங்கள் தோளின் தவறு இல்லை. உங்களுக்கு வசை எழுதி அனுப்பும் ரசிகர்கள் என்னைப் போன்றவர்கள்தான், ஒரே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர்கள்தான். அவர்களுக்காக வெட்கப்படுகிறேன்.

நால்வரில் மிஞ்சிய பழையவர்கள் இருவருக்கும்: கிட்டாரும் கீபோர்டும் வாசிக்கும் நீங்கள் அந்த மூன்று ஆல்பங்களிலும் இருந்தவர்கள். அந்தக் கீச்சொலி எழுந்தபோது அதே அறையில் இருந்திருப்பீர்கள். அதை வைத்துக்கொள்ளலாமா, மறுபடி வாசிக்கலாமா என்று உங்களில் யாரோ கேட்டிருப்பீர்கள், வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருப்பீர்கள். நிர்வாகத்தின் முடிவு என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. குறுந்தகட்டோடு வந்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன, யார் எதை வாசித்தார் என்ற விவரத்தோடு. இப்போது கைப்பேசியில் அதே பாட்டின் விவரத்தைத் திறந்தால் இன்றைய டிரம்மரின் பெயர் இருக்கிறது. அந்தப் பாட்டு வெளிவந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பார். அவருக்கே அது கூச்சமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இனி நான் கேட்பவை.

முதல் மூன்று ஆல்பங்களின் பழைய பதிவுகளை, வெட்டாமல், திருத்தாமல், இருந்தபடியே திரும்ப வையுங்கள். புதியவற்றை எடுக்கச் சொல்லவில்லை. 'மறுபதிவு' என்ற சொல்லோடும், பதிவான உண்மையான ஆண்டோடும், தனி அட்டைப்படத்தோடும் பக்கத்தில் வையுங்கள். பழைய பதிவுகளின் விவரப் பட்டியலில் விலகிய மூவரின் பெயர்களையும் அவர்கள் என்ன வாசித்தார்கள், என்ன பாடினார்கள் என்பதையும் சேருங்கள். அந்தப் பதிவுகளின் வருமானத்தில் அவர்களுக்கு உரிய பங்கு போய்ச் சேருகிறதா என்பதை மூவரில் யாராவது ஒருவர் வாயால் நாங்கள் கேட்க வேண்டும். உங்கள் அறிக்கை போதாது.

பழைய பாடகியின் முகத்தைப் போட்டு டிக்கெட் விற்ற அந்த நிகழ்ச்சிக்கு, கேட்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு வேண்டாம். பக்கத்து இருக்கையில் பாதியில் எழுந்துபோன தம்பதிக்குக் கொடுங்கள்.

இனி யார் சேர்ந்தாலும், யார் விலகினாலும், அவர்கள் பெயரோடு ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். படத்தில் முகத்தை எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை மட்டும் வேண்டாம். மேடையில் பதிவுசெய்த குரலைப் பயன்படுத்துவீர்கள் என்றால் டிக்கெட்டில் அதை அச்சிடுங்கள்.

அடுத்த ஆல்பத்தை எந்த ஒலியில் வேண்டுமானாலும் செய்யுங்கள். ஏழாவது பாட்டின் பக்கம் போனால் நல்லது என்பது என் ஆசை, கோரிக்கை அல்ல.

கடைசியாக ஒன்று. அடுத்த நிகழ்ச்சியில் அந்த நான்காவது பாட்டையும் ஒரு கட்டை இறக்குங்கள். புதியவர் தன் குரலில், தனக்கு எட்டும் இடத்தில் அதைப் பாடட்டும். பேஸ் வாசிக்க ஒருவரை அமர்த்துங்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டிரம்ஸை நிறுத்துங்கள். நான் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் ஆல்பத்திலிருந்து கேட்டுவரும் ஒருவன்